சிமுலேட்டர் கன்ட்ரோலர்: வலப்பக்கம் திரும்பினாலே மூக்கு கவிழ்கிறது

#1 தரைதட்டி

எல்லோருக்கும் வணக்கம். ரேடியோ விமானச் சிமுலேட்டருக்கென்றே வரும் யூஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்றை இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன். மோடு 2, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரானும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் வலது ஸ்டிக்கில். தாழ்ந்த இறக்கை விமானம் ஒன்றில் தலைகீழாகப் பறக்கப் பழகிக்கொண்டிருந்தேன். பத்து நாளாக அதற்குப் பேய் பிடித்திருக்கிறது. வலப்பக்கம் திரும்பும்போது, நான் எலிவேட்டரைத் தொடாமலே மூக்கு சட்டென்று கீழே குத்துகிறது. கண் இமைக்கும் நேரம்தான், உடனே சரியாகிவிடும். உயரத்தில் இருந்தால் பிழைத்தேன். தரையிறங்க வரும்போது என்றால், என் புனைபெயருக்கு ஏற்றபடி முடிகிறது.

ஐந்தாறு முறை கேலிப்ரேஷன் செய்தேன். சிமுலேட்டரை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். வேறு விமானம் மாற்றினேன். எதற்கும் அசையவில்லை. போதாததற்கு, கடைசி கேலிப்ரேஷனுக்குப் பிறகு புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஸ்டிக்கை முழுவதும் முன்னால் தள்ளினாலும் எலிவேட்டர் பாதிக்குச் சற்று மேல்தான் இறங்குகிறது. தலைகீழாக இருக்கும்போது மூக்கைத் தாங்கிப் பிடிக்கவே முடியவில்லை. பின்னால் இழுத்தால் மட்டும் முழு பலம் இருக்கிறது.

புதிதாக வாங்கிவிடலாமா, இல்லை இதைக் காப்பாற்ற வழி உண்டா?

#2 கவிழ்ந்த பறவை

எனக்கும் வந்திருக்கிறது. சிமுலேட்டர் அமைப்பில் டெட்பேண்ட் என்று இருக்கும், 5 சதவீதம் வையுங்கள். நடு இடத்தில் வரும் நடுக்கம் நின்றுவிடும். அதற்கும் கேட்கவில்லை என்றால் பாட், அதாவது ஸ்டிக் நிற்கும் இடத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்குள் தூசி. திறந்து கான்டாக்ட் கிளீனரை ஒரு அடி அடித்தால் முடிந்தது.

#3 பழைய ரிசீவர்

தம்பி, முதலில் கேலிப்ரேஷன் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். அது பழுதைச் சரிசெய்யாது. ஸ்டிக்கின் இரண்டு கடைசியும் நடுவும் எங்கே என்று சிமுலேட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும், அவ்வளவுதான். பழுது இருக்கும்போது செய்தால் பழுதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுவீர்கள்.

திறப்பது, ஸ்பிரே அடிப்பது, வாங்குவது எல்லாம் பிறகு. கோளாறு சிமுலேட்டரிலா, விண்டோஸிலா, கேபிளிலா, கன்ட்ரோலருக்குள்ளேயா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சிமுலேட்டரை மூடிவிட்டுக் கன்ட்ரோலரை மட்டும் பாருங்கள். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் ஜன்னல் இருக்கிறது, தேடும் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும். ஆனால் அங்கே முதலில் தெரியும் கூட்டல் குறியை நம்ப வேண்டாம். விண்டோஸ் வைத்திருக்கும் கேலிப்ரேஷன் வழியாக வந்த படம் அது. அளவுத்திருத்தப் பக்கத்துக்குப் போனால் கச்சா எண்களைக் காட்டு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்துவிட்டு எண்களைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் ரத்து செய்து வெளியே வாருங்கள், எதையும் சேமிக்காதீர்கள்.

அப்புறம் நான்கு கேள்வி.

தாவும்போது யூஎஸ்பி கழன்று மாட்டும் டிங் சத்தம் வருகிறதா?

எலிவேட்டர் மட்டும் தாவுகிறதா, மற்ற ஸ்டிக்கும் சேர்ந்தா?

தாவும் எண் எவ்வளவு? கொஞ்சம் ஆடுகிறதா, கடைசிக்கே போகிறதா?

எலிவேட்டரை மட்டும் மேலும் கீழும் மெதுவாக நகர்த்தினால் தாவுகிறதா?

#4 லினக்ஸ் குருவி

லினக்ஸ் இருந்தால் இவிடெஸ்ட் என்ற கருவி இன்னும் வசதி. ஒவ்வொரு எண்ணும் வரியாக ஓடும், தாவல் கண்ணில் படாமல் தப்பாது. ஜேஎஸ்டெஸ்டும் உண்டு, ஆனால் அது எல்லாவற்றையும் 32767க்கு நீட்டிக் காட்டும். உங்களுக்குக் கச்சா எண்தான் தேவை.

இன்னொன்று. சிமுலேட்டரை ஸ்டீம் என்ற கேம் தளம் வழியாக ஓட்டுகிறீர்களா? ஸ்டீம் சில சமயம் தானாக நடுவில் புகுந்து கன்ட்ரோலரை வேறொரு கேம்பேடாக வேஷம் போட்டுவிடும். வேறு ஜாய்ஸ்டிக் ஏதாவது செருகியிருந்தால் அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

#5 தரைதட்டி

பழைய ரிசீவர் ஐயா சொன்னபடி பார்த்தேன். ஸ்டீம் இல்லை, வேறு ஜாய்ஸ்டிக்கும் இல்லை.

டிங் சத்தம் வரவில்லை. எலிவேட்டர் மட்டும்தான் தாவுகிறது. ஸ்டிக்கை விட்டுவிட்டால் 511. முழுக்கப் பின்னால் 205, முழுக்க முன்னால் 818.

ஆச்சரியம் என்னவென்றால், எலிவேட்டரை மட்டும் நகர்த்தினால் ஒரு தாவலும் இல்லை. 205லிருந்து 818 வரை வெண்ணெய் மாதிரி போகிறது. இருபது முறை செய்தேன். ஆனால் ஏலரானை வலப்பக்கம் பாதிக்கு மேல் தள்ளினால் எலிவேட்டர் எண் 1023க்குப் போய்த் திரும்புகிறது. எப்போதும் 1023தான், அதற்குக் குறைந்து ஒரு முறைகூட இல்லை. வலது ஓரத்தில் பிடித்து லேசாக ஆட்டினால் 511, 1023, 511 என்று விளக்கு மாதிரி எரிந்து அணைகிறது.

#6 கவிழ்ந்த பறவை

ஏலரானை ஆட்டினால் எலிவேட்டர் தாவுகிறதா? மிக்ஸிங் ஏதாவது போட்டிருப்பீர்கள், ஒரு ஸ்டிக்கை அசைத்தால் இரண்டு சேனல் சேர்ந்து ஆடும் அமைப்பு. எலிவான், வி வால் மாதிரி.

#7 நுனிச்சிறகு

மிக்ஸிங் என்றால் ஏலரான் நகர நகர எலிவேட்டரும் கூடவே நகரும், இப்படி ஒரே தாவலாக இருக்காது. அதோடு அவர் பார்ப்பது கச்சா எண். சிமுலேட்டரின் மிக்ஸிங் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. முழு டிரான்ஸ்மிட்டரைச் செருகிப் பறப்பவர்களுக்கு வேண்டுமானால் நீங்கள் சொல்வது பொருந்தும். ஹெலிகாப்டர் மாடலை மாற்றாமல் அப்படியே செருகிவிட்டு, ஒரு ஸ்டிக்கை அசைத்தால் மூன்று சேனல் ஆடுகிறதே என்று நானே ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

தரைதட்டி, உங்கள் இரண்டாவது புகார், அதாவது முன்னால் தள்ளினால் பலம் இல்லை என்பது, இந்த எண்களிலேயே இருக்கிறது. உண்மையில் உங்கள் ஸ்டிக் முன்பக்கம் 818 வரைதான் போகும். கேலிப்ரேஷன் செய்யும்போது ஸ்டிக்கை வட்டமாகச் சுழற்றியிருப்பீர்கள், வலது மூலையில் அது ஒரு முறை 1023க்குத் தாவியிருக்கும். முன்பக்கக் கடைசி 1023 என்று சிமுலேட்டர் எழுதி வைத்துக்கொண்டது. இப்போது நீங்கள் முழுக்கத் தள்ளும்போது நடுவிலிருந்து 307 போகிறீர்கள், அது எதிர்பார்ப்பது 512. ஆக 60 சதவீதம். பின்பக்கம் 205 என்பது சரியாகவே பதிவாகியிருப்பதால் இழுக்கும்போது குறை தெரியவில்லை.

#8 தரைதட்டி

பாதிக்குச் சற்று மேல் என்று நான் கண்ணால் குத்துமதிப்பாகச் சொன்னதும் அதேதான்! அப்படியானால் தலைகீழாகப் பறக்கக் கை வரவில்லை என்று இத்தனை நாள் என்னையே திட்டிக்கொண்டது வீண்.

#9 மின்னோட்டம்

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். 1023 என்ற எண் நிறையச் சொல்கிறது.

பாட் என்பது ஒரு கார்பன் பாதை. ஒரு முனையில் 0 வோல்ட், மறுமுனையில் 3.3 அல்லது 5 வோல்ட். வைப்பர் என்ற நடுக்கால் அந்தப் பாதையின்மேல் ஊர்ந்து, தான் நிற்கும் இடத்தின் வோல்டேஜை எடுத்துச் சிப்புக்கு அனுப்பும். சிப் அதை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக்கும். இதில் மூன்று ஒயர். எந்த ஒயர் அறுந்தது என்பதை எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

0 வோல்ட் ஒயர் அறுந்தால் பாதையில் ஓடும் மின்னோட்டம் நின்றுவிடும். பாதை முழுக்க மேல் வோல்டேஜிலேயே நிற்கும், வைப்பர் எங்கே இருந்தாலும் 1023தான். மேல் வோல்டேஜ் ஒயர் அறுந்தால் இதற்கு நேர்மாறு, 0. வைப்பர் ஒயரே அறுந்தால் சிப்பின் கால் அந்தரத்தில் தொங்கும். எண் எங்கெங்கோ அலையும், பெரும்பாலும் சிப் அதற்கு முன்னால் அளந்த சேனலைக் காப்பியடிக்கும். த்ராட்டிலை நகர்த்தினால் ரடர் ஆடுகிறது என்று சிலர் சொல்வது இந்த வகை.

கார்பன் பாதை தேய்ந்திருந்தால் கதை வேறு. தாவல் அந்த ஸ்டிக்கின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வரும், அதிகமாக நடுவில்தான், ஏனென்றால் வைப்பர் அதிக நேரம் உராய்வது அங்கேதான். உங்கள் எலிவேட்டர் தன் வழியில் ஒரு தாவலும் இல்லாமல் போய் வருகிறது. ஏலரான் எங்கே இருந்தால் எலிவேட்டர் பாட்டுக்கு என்ன?

ஆனால் ஒயருக்கு அக்கறை உண்டு. ஸ்டிக்கைத் தாங்கும் சட்ட அமைப்புதான் கிம்பல். சில கிம்பல்களில் ஒரு பாட் வெளிச்சட்டத்தில் அசையாமல் இருக்கும், மற்றது உள்ளே ஊஞ்சல் மாதிரி ஆடும் சட்டத்தோடு சேர்ந்தே ஆடும். உங்களுடையதில் எலிவேட்டர் பாட் ஊஞ்சலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏலரானை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் மூன்று ஒயரும் மடங்கி நிமிர்கின்றன. இரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 0 வோல்ட் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது என்பது என் பந்தயம்.

#10 கவிழ்ந்த பறவை

சரி, டெட்பேண்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நடுவில் 5 சதவீதத்தை மறைத்தால் 1023க்குப் போகும் தாவல் எங்கே மறையும். ஆனால் எப்படியும் திறக்கத்தானே போகிறார், கிளீனர் அடித்தால் என்ன கெட்டுப்போகும்?

#11 பழைய ரிசீவர்

கெட்டுப்போகும், நான் கெடுத்திருக்கிறேன். நன்றாக இருந்த கிம்பலில் தாராளமாக அடித்தேன். அச்சில் இருந்த கிரீஸ் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ஸ்டிக் மணலில் தேய்ப்பது மாதிரி நகர்ந்தது. பாட் தேய்ந்திருக்கிறது என்று எண் சொன்னால் மட்டும், பிளாஸ்டிக்கைக் கரைக்காத கிளீனராகப் பார்த்து, பாட்டின் இடுக்கில் ஒரு சொட்டு. அதுவும் தற்காலிகம்தான், தேய்ந்த கார்பன் திரும்ப முளைக்காது.

#12 தரைதட்டி

யூஎஸ்பியைக் கழற்றிவிட்டுத் திறந்துவிட்டேன். பின்மூடிக்கு ஆறு திருகாணி. ஒன்று லேபிளுக்கு அடியில் ஒளிந்திருந்தது, அது தெரியாமல் மூடியை நெம்பிப் பாதி உயிர் போனது.

மின்னோட்டம் சொன்னபடியே எலிவேட்டர் பாட் ஆடும் சட்டத்தில்தான் இருக்கிறது. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று மெல்லிய ஒயர். வெளியே பார்த்தால் மூன்றும் முழுசாகத்தான் இருக்கின்றன, ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் இப்போது எனக்குப் புதுக் குழப்பம். பாட்டின்மேல் பி5கே என்று போட்டிருக்கிறது, 5 கிலோஓம் என்று தெரியும். மல்டிமீட்டரை சர்க்யூட் போர்டில் சிவப்பும் கறுப்பும் வந்து சேரும் இடத்தில் வைத்தால் 1.25 கிலோஓம் காட்டுகிறது. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் 1.67 ஆகிறது, விட்டால் திரும்ப 1.25. பாட்டே போய்விட்டதா?

#13 மின்னோட்டம்

தரைதட்டி, நீங்கள் பழுதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், அது பழுது என்று தெரியாமலே!

உங்கள் கன்ட்ரோலரில் நான்கு பாட். நான்கின் சிவப்பும் போர்டில் ஒரே இடத்துக்குப் போகிறது, கறுப்பும் அப்படியே. ஆக நான்கு 5 கிலோஓம் பக்கவாட்டில் இணைந்திருக்கின்றன. ஐந்தை நான்கால் வகுத்தால் 1.25. பாட் நன்றாகவே இருக்கிறது. தனி பாட்டின் மதிப்பு வேண்டுமென்றால் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க முடியும்.

வலப்பக்கம் தள்ளியதும் 1.67. ஐந்தை மூன்றால் வகுத்துப் பாருங்கள். அந்த நிமிடம் நான்கில் ஒரு பாட் கூட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. சிவப்போ கறுப்போ அறுகிறது. எண் 1023க்குப் போனதால் 0 வோல்ட் ஒயரான கறுப்பு. கறுப்பு ஒயரின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து ஸ்டிக்கை அசையுங்கள், சத்தம் விட்டுவிட்டு வரும். இன்னொரு வழியும் உண்டு. ஒயரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே நகருங்கள். உள்ளே செம்பு அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பர் மாதிரி நீளும்.

#14 புல்வெளி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையதில் எல்லா ஸ்டிக்கும் ஒன்றாக உறைந்துபோகிறது, டிங் என்று சத்தம் வருகிறது, இரண்டு நொடியில் திரும்ப உயிர் வருகிறது. இதுவும் ஒயர்தானா?

#15 நுனிச்சிறகு

புல்வெளி, டிங் வந்தால் பாட்டையும் கிம்பலையும் மறந்துவிடுங்கள். கன்ட்ரோலர் முழுவதுமே கணினியை விட்டுப் போய்த் திரும்ப வருகிறது. ஹப் வழியாகச் செருகியிருந்தால் நேரடியாகச் செருகுங்கள். கேபிளைக் கழற்ற முடியுமென்றால் வேறு கேபிள் மாற்றுங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பவர் அமைப்பில் யூஎஸ்பியைத் தூங்க வைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இதற்கெல்லாம் பிறகும் வந்தால், கன்ட்ரோலர் பக்கம் கேபிள் நுழையும் இடத்தை லேசாக வளைத்துப் பாருங்கள்.

#16 தரைதட்டி

கறுப்புதான்! பாட்டிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் நீண்டது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் அறுந்து, நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதனால்தான் நேராக இருக்கும்போது வேலை செய்திருக்கிறது.

சால்டர் வைப்பதில் எனக்கு அனுபவம் குறைவு. அறுந்த இடத்தை மட்டும் ஒட்டிவிடலாமா?

#17 பழைய ரிசீவர்

ஒட்டலாம், ஆனால் ஒரே மாதத்தில் இங்கேயே திரும்ப வருவீர்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறிக் கம்பி மாதிரி விறைத்துவிடும். ஆடும் ஒயரில் விறைப்பான இடம் இருந்தால் அதன் ஓரத்தில்தான் அடுத்த முறிவு. ஒயரையே முழுசாக மாற்றுங்கள், கறுப்பை மட்டும் இல்லை, மூன்றையும். மற்ற இரண்டும் அதே வயதுதானே.

சிலிக்கான் உறை போட்ட, மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஒயர் நல்லது. முந்தையதைவிடச் சற்று நீளமாக வெட்டி, ஒரு தளர்வான வளையமாக விடுங்கள். ஒரு மடிப்பில் எல்லாப் பாரமும் விழாமல் வளையம் முழுக்க வளையட்டும். ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் ஒயர் எங்கும் இழுபடவில்லை, சட்டத்தில் நசுங்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். பாட்டின் காலில் சூட்டுக்கோலை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள், உள்ளே பிளாஸ்டிக். எந்த நிறம் எந்தக் காலில் என்று முன்கூட்டியே ஒரு படம் எடுத்துவையுங்கள்.

கிம்பல் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஆர்வத்தில் கழற்றினால் அது எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. என்னுடையது ஒன்று இன்னும் தரையிறங்கவில்லை.

#18 மின்னோட்டம்

ஒரே ஒரு சேர்க்கை. பாட்டை அதன் அச்சிலிருந்து கழற்றாதீர்கள். கழற்றினால் திரும்ப மாட்டும்போது நடு இடத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் எண் 205லிருந்து 818 வரை போகிறது, பாதையில் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம்தான் மிச்சம். பல்லுக்குப் பல் தள்ளி மாட்டினால் ஒரு பக்கம் பாதையே தீர்ந்துவிடும். வேறு யாராவது பாட்டையே மாற்றுவதாக இருந்தால் பி என்ற எழுத்து உள்ளதையே வாங்குங்கள், அதுதான் சீராக ஏறுவது. ஏ போட்டது ஒலிப்பெருக்கிக்கு, அதை மாட்டினால் ஸ்டிக்கின் நடு எங்கோ ஓரத்தில் போய் உட்காரும்.

#19 தரைதட்டி

மூன்று ஒயரும் மாற்றியாயிற்று. முதல் முறை வெள்ளையையும் சிவப்பையும் மாற்றிப் போட்டுவிட்டேன், படம் எடுத்திருந்தும். யூஎஸ்பியைச் செருகும் முன் பீப் வைத்துப் பார்த்ததால் தப்பித்தேன். போர்டில் அளந்தால் 1.25, ஸ்டிக்கை எப்படிச் சுழற்றினாலும் 1.25.

கச்சா எண்ணில் பத்து நிமிடம் எல்லா மூலைக்கும் ஓட்டினேன். எலிவேட்டர் 205, 511, 818. ஒரு 1023கூட இல்லை.

ஆனால் சிமுலேட்டரில் முன்பக்கம் இன்னும் பலமில்லை!

#20 நுனிச்சிறகு

பழைய கேலிப்ரேஷன் இன்னும் 1023 என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் விண்டோஸ் ஜன்னலில் இயல்புநிலைக்குத் திருப்பு என்பதை அழுத்துங்கள். அங்கே ஒன்று, சிமுலேட்டரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் கேலிப்ரேஷன் வைத்துக்கொண்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழப்பும். பிறகு ஸ்டிக்கின் நடு இடத்தைச் சற்று நகர்த்தும் ட்ரிம் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, சிமுலேட்டரில் மட்டும் புதிதாகச் செய்யுங்கள். மூலைக்குப் போனதும் ஸ்டிக்கை அழுத்தாதீர்கள். சட்டம் வளைந்து கொடுத்து இரண்டு மூன்று எண் கூடுதலாகப் பதியும், அப்புறம் சாதாரணமாகத் தள்ளினால் 100 சதவீதம் வராது.

#21 தரைதட்டி

வந்துவிட்டது, முழு பலம். நேற்று முழு ஓடுதளத்தையும் தலைகீழாகவே கடந்தேன். கடைசியில் கவிழ்ந்தேன், ஆனால் அது நான் தள்ள வேண்டிய இடத்தில் இழுத்ததால். கன்ட்ரோலர்மேல் பழி போட முடியாது.

ஒரு சின்ன சந்தேகம். ரடரை விட்டுவிட்டால் 498 நிற்கிறது, 511 இல்லை. இதையும் திறந்து பார்க்கவா?

#22 மின்னோட்டம்

வேண்டாம். 13 எண் வித்தியாசம், பாதி வழியில் 4 சதவீதம். அது நிலையாக 498இலேயே நின்றால் கேலிப்ரேஷன் அதை நடு என்று எடுத்துக்கொள்ளும், நீங்கள் உணரவே மாட்டீர்கள். இடப்பக்கம் தள்ளிவிட்டால் ஓரிடம், வலப்பக்கம் தள்ளிவிட்டால் வேறிடம் என்று நின்றால்தான் ஸ்பிரிங்கையோ அச்சையோ பார்க்க வேண்டும்.

#23 தரைதட்டி

இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தேன். 498, 499. மூடிவிட்டேன், லேபிளுக்கு அடியில் இருந்த திருகாணியையும் சேர்த்து.

#24 புல்வெளி

என் பங்குக்கு: ஹப்பை விட்டுவிட்டு நேரடியாகச் செருகினேன். 40 நிமிடம் பறந்தேன், டிங் வரவில்லை. கேபிளை இன்னும் மாற்றவில்லை, நாளை இதே கேபிளை ஹப்பில் போட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.